தாத்தாவின் பிரெஞ்சிந்திய ஸ்டாம்புகள்: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

கெடிலக்கரை, கடலூர் முதுநகர்:

எல்லாருக்கும் வணக்கம். சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தபால்தலை சேர்க்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஒரு பரிமாற்றம் தேடி வந்திருக்கிறது. சரி என்று சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக மனசு அடித்துக்கொள்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பெற்ற தாத்தா இங்கே ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) மண்டியில் கணக்குப்பிள்ளை. அவருடைய அக்காவைப் பாண்டி முத்தியால்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்போது கடலூர் இங்கிலீஷ்காரன் ஊர், பாண்டி பிரெஞ்சுக்காரன் ஊர். முள்ளோடையைத் தாண்டினால் வேறு சட்டம், வேறு தபால். அந்தப் பெரிய பாட்டி மாதம் ஒன்றாவது தம்பிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். தாத்தா ஒன்றைக்கூடத் தூக்கி எறியவில்லை. எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு பிய்த்துக்கொண்டு போய், பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மேலே கிடந்த கடிதங்கள் கூழாகிப் போயின. அடியில் இருந்த 31 உறைகள் தப்பின. நான்கைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

உறைகள் தவிர ஒரு தகர டப்பாவில் உதிரி ஸ்டாம்புகளும் உண்டு. மண்டிக்கு வந்த தபால்களிலிருந்து தாத்தாவே எடுத்துப் போட்டவை என்று அம்மா சொல்கிறார். எண்ணிப் பார்த்தேன், 74. தாமரைப் பூப் படம் மட்டும் நாற்பதுக்கு மேல். அதே பூ, அதே படம், நிறமும் விலையும்தான் வேறு. மற்றவற்றில் சில கோயில் படம், சில சிற்பம்.

நான் சேர்க்க நினைப்பது வேறு. நம் பக்கத்தில் பிறந்தவர்கள், வாழ்ந்தவர்கள், நம் மொழிக்காரர்கள், இவர்களுக்கு இந்தியத் தபால்துறை போட்ட ஸ்டாம்புகள். 1960-இல் வந்த பாரதியும் திருவள்ளுவரும், 1964-இல் வந்த அரவிந்தர், 1972-இல் வந்த வ.உ.சி., இந்த நான்கும் என்னிடம் இல்லை. ஆல்பத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அந்த வெற்றுக் கட்டம்தான் கண்ணில் படுகிறது.

பாண்டி சண்டே மார்க்கெட்டில் ஒரு சேகரிப்பாளரைச் சந்தித்தேன். பேசிப் பழகினால் நல்ல மனிதர். என் உறைகளின் போட்டோவைக் காட்டினேன். ‘அஞ்சு கவர் கொடுங்க, நூற்றைம்பது இந்திய ஸ்டாம்ப் தரேன், நீங்க கேக்கற நாலும் அதுல இருக்கும்’ என்றார். உறையாகக் கொடுக்க மனமில்லை என்றால் ஸ்டாம்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் கொடுத்தாலும் போதும் என்றார். அதைக் கேட்டதும், கடிதமும் நம்மிடம் இருக்கும், ஸ்டாம்பும் மாறிவிடும், யாருக்கும் நஷ்டமில்லையே என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் பயமும் இருக்கிறது. ஒரு தடவை பட்டிருக்கிறேன். முதல் வருடம் வேறொருவரிடம், குறுக்கே கறுப்பு எழுத்தில் ‘பிரான்ஸ் லீப்ர்’ (சுதந்திர பிரான்ஸ்) என்று அச்சடித்த பழைய ஸ்டாம்ப் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒரு பாக்கெட் நிறைய வெளிநாட்டு ஸ்டாம்ப் வாங்கி வந்தேன். பெரிது பெரிதாக, பளபளவென்று, ராக்கெட், பூனை, ஒலிம்பிக் என்று இருந்தன. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் முத்திரை ஒரே மூலையில் அளந்து வைத்த மாதிரி விழுந்திருக்கிறது. பின்னால் திருப்பினால் பசை அப்படியே இருக்கிறது. தபாலில் போய்வந்த ஸ்டாம்பில் பசை எப்படி இருக்கும்? அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அதனால் கேட்கிறேன். ஐந்து உறைக்கு நூற்றைம்பது ஸ்டாம்ப் நியாயமா? ஊறவைத்து எடுக்கலாமா? ஒட்டிக்கொண்டிருக்கும் உறைகளை எப்படிப் பிரிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


உப்பனாறு, கடலூர் புதுநகர்:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் சேர்ப்பது ஸ்டாம்ப். காகிதம் இல்லை. உறைகள் இடத்தை அடைக்கும், பூச்சி வரும், பழுக்கும். உங்கள் ஆல்பத்தில் நான்கு கட்டம் காலியாக இருக்கிறது, ஒரே நாளில் நான்கும் நிறைகிறது, கூடவே 146 கிடைக்கிறது. ஆரம்பத்தில் எனக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். 31-இல் ஐந்துதானே போகிறது? கடிதத்தைப் படித்துப் பத்திரப்படுத்துங்கள், உறையைக் கொடுங்கள்.

ஒன்றுமட்டும். அந்த 150-ஐயும் முதலில் கண்ணால் பாருங்கள். 1980-க்குப் பிறகு வந்த சாதாரண ஸ்டாம்புகள் அதில் நூறு இருந்தால் அதற்கு எண்ணிக்கை மட்டும்தான் உண்டு, வேறு ஒன்றும் இல்லை.


சொல்தா வீட்டுப் பிள்ளை, முத்தியால்பேட்டை:

உப்பனாறு தம்பி, கடைசி வரி சரி. முதல் பத்திக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய் என் பழைய ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் பெரியப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். சைகோனில் இருந்தார். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு சைகோன் கடிதம் வரும். 1978-இல் எனக்குப் பதினான்கு வயது. பெரியம்மா ஒரு கட்டுக் கடிதங்களை என் கையில் கொடுத்து ‘இந்தா, ஸ்டாம்ப் வேணும்னியே’ என்றார். நான் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அத்தனை உறையையும் மிதக்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊதாவாக மாறியது. மேலே எழுதியிருந்த முகவரி மை அது. பெரியப்பாவின் கையெழுத்து தாம்பாளத்தில் கரைந்துகொண்டிருந்தது, நான் ஸ்டாம்ப் கழன்று வருகிற சந்தோஷத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்த ஆல்பத்தில் இந்தோசீனா ஸ்டாம்ப் நாற்பது இருக்கிறது. எந்தக் கடிதத்தில் வந்தது, எந்த வருடம், எந்தப் படைப்பிரிவிலிருந்து போட்டது, ஒன்றும் தெரியாது. நாற்பதும் சந்தையில் எங்கேயும் கிடைக்கிற நாற்பது. தண்ணீரில் போட்ட அன்றைக்குத்தான் அவை அப்படி ஆயின. அதற்கு முன் அவை உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாதவை.

எனவே ஊறவைக்காதீர்கள். ஒன்றைக்கூட. டப்பாவில் இருக்கும் உதிரிகள் வேறு விஷயம், அவற்றைத் தாத்தா எப்போதோ எடுத்துவிட்டார். உறையில் இருப்பது உறையிலேயே இருக்கட்டும்.

உறையில் என்ன இருக்கிறது என்று ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் பாண்டி முத்திரை, தேதியோடு. பின்பக்கம் கடலூரில் வந்து சேர்ந்ததற்கான முத்திரை இருக்க வேண்டும். இரண்டு தேதியையும் பாருங்கள். முக்கால் மணி நேர பஸ் தூரத்தை ஒரு கடிதம் இரண்டு அரசாங்கங்களைத் தாண்டிக் கடக்க எத்தனை நாள் ஆயிற்று என்பது தெரியும். யுத்த காலத்து உறை என்றால் ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கலாம். பழுது பார்த்து ஒட்டியது என்று நினைத்து உரித்துவிடாதீர்கள். தணிக்கைக்காரர்கள் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியதாக இருக்கும்.

ஸ்டாம்பில் விலையைப் படியுங்கள். ‘காஷ்’, ‘ஃபனோன்’, ‘ரூப்பி’ என்று பிரெஞ்சு எழுத்தில் இருக்கும். நம் காசு, நம் பணம், நம் ரூபாய்தான் அது. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1892-இல் இங்கே முதல் ஸ்டாம்ப் வந்தபோது விலை பிரெஞ்சு சென்டீமில் இருந்தது. 1923-இல்தான் காசும் பணமும் ஏறின, முதலில் பழைய ஸ்டாம்பின் மேலேயே அச்சடித்து, 1929-இல் தனி ஸ்டாம்பாக. பிரெஞ்சுக் குடியரசின் தபால்தலையில் தமிழ்ச் சொல்லில் விலை போட்டிருக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அதில் ஒரு பூரிப்பு.

நீங்கள் சொல்கிற தாமரை 1942 வரிசை. அதில் லொரேன் சிலுவை இருக்கும், இரண்டு குறுக்குக் கட்டை போட்ட சிலுவை. பாரிஸ் ஜெர்மன்காரன் கையில் இருந்த சமயம். பாண்டி 1940 செப்டம்பரிலேயே, ஜெர்மனிக்கு அடங்காமல் லண்டனிலிருந்து போராடிய தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டது. அந்தச் சிலுவை அவர்கள் சின்னம். அதனால் ஸ்டாம்பைப் பிரான்சில் அச்சடிக்க முடியாது, லண்டனில் அச்சடித்து அனுப்பினார்கள். படம் போட்டவர் எட்மண்ட் துலாக். நிறைய அச்சடித்தார்கள், சின்ன விலைகள் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் நாற்பது இருக்கிறது என்கிறீர்கள் அல்லவா, பரிமாற்றத்துக்கு அதுதான் உங்கள் முதல். ஒவ்வொரு விலையிலும் ஒன்று நல்லதாகப் பார்த்து உங்களுக்கு வைத்துக்கொண்டு மற்றதை வெளியே எடுங்கள். தாமரை வேண்டும் என்று கேட்பவர்கள் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறார்கள். பாண்டியில் மலிவாகத் தெரிவது அங்கே போனால் அப்படித் தெரியாது.

நீங்கள் முதலில் இழந்த ‘பிரான்ஸ் லீப்ர்’ ஸ்டாம்பைப் பற்றி இப்போது ஒன்றும் செய்ய முடியாது. இப்படிப் பழைய ஸ்டாம்பின் மேல் அச்சடித்தவற்றில் போலிகள் நிறைய உண்டு, அதனால் அதன் மதிப்பை நான் பார்க்காமல் சொல்லவும் கூடாது. பதிலுக்கு வாங்கிய பாக்கெட் என்ன என்று மட்டும் சொல்கிறேன். அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் என்று பெயர் போட்டிருக்கும், பாருங்கள். 1971-இல் ஐக்கிய அரபு அமீரகம் சேர்வதற்கு முன் அந்தச் சின்ன ராஜ்ஜியங்களின் பெயரில் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்கென்றே அச்சடித்தவை. அச்சகத்திலேயே முத்திரையும் அடித்து முழுத் தாளாக விற்றார்கள். மூலையில் விழுந்த முத்திரை, பின்னால் பசை, இரண்டையும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். யாரும் சொல்லித் தராமல் மூன்று வருடத்தில் அதைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அந்தக் கண் போதும்.

இப்போது 150-க்கு வருகிறேன். நீங்கள் கேட்கும் நான்கில் எதுவும் அபூர்வம் இல்லை. பாரதி 1960 செப்டம்பர் 11 அன்று வந்தது, 15 நயா பைசா. வள்ளுவரும் அதே வருடம், அதே 15 நயா பைசா. முத்திரை விழுந்த பிரதி கொஞ்சம் தேடினால் கிடைத்துவிடும். இந்த நான்குக்கு ஒரு முழு உறை என்பதே அதிகம், ஐந்து என்பது பேச்சுக்கே இடமில்லை. அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியதை அவர் கேட்கிறார், பரிமாற்றத்தில் அது முறைதான். உங்களுக்கு வேண்டியது நான்கு. அவர் 150 சொல்கிறார். மீதி 146 உங்கள் ஆல்பத்தில் எந்தக் கட்டத்துக்குப் போகும்? கட்டம் இல்லை என்றால் அது உங்களுக்கு வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மாற்றிக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். முத்திரை விழுந்ததற்கு முத்திரை விழுந்தது, புதியதற்குப் புதியது. விலை பார்ப்பதென்றால் இருவரும் ஒரே விலைப் புத்தகம். என்னுடையதை ஸ்டான்லி கிப்பன்ஸ் பார்த்தும் அவருடையதை இவேர் எ தெலியே பார்த்தும் போட்டால் கணக்கு ஒருபோதும் ஒட்டாது. அதில் போட்டிருப்பது கடைக்காரர் விற்கும் விலை, நம் கையில் அந்தக் காசு வராது. இரண்டு பேரும் ஒரே அளவுகோலில் நிற்பதற்கு மட்டும்தான் அது.

அப்புறம் பகல் வெளிச்சத்தில் மட்டும். டியூப்லைட்டுக்குக் கீழே நான் எதையும் வாங்குவதில்லை. கறுப்புத் துணி ஒன்று கொண்டு போங்கள். ஸ்டாம்பை அதன் மேல் வைத்தால் ஓரத்துப் பல் உடைந்திருப்பது உடனே தெரியும். நான்கு பக்கமும் பல்லை எண்ணுகிற பொறுமை வேண்டும். பிறகு இடுக்கியால் தூக்கி வானத்துக்கு நேரே பிடியுங்கள். காகிதம் எங்கேயாவது மெலிந்திருந்தால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். முன்னால் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்னால் மெலிந்த ஸ்டாம்ப் பாதி ஸ்டாம்ப். கையால் தொடவே தொடாதீர்கள், நம் ஊர் வியர்வைக்குப் பழுப்புப் புள்ளி வருவதற்கு ஒரு மழைக்காலம் போதும்.

அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். நானும் என் சிநேகிதர்களும் ஒருவர் புத்தகத்தை மற்றவர் ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போவோம். அடுத்த ஞாயிறு பாரதி பூங்காவில் உட்கார்ந்து, பிடித்ததைச் சொல்லி, இல்லாததைத் திருப்பிக் கொடுப்போம். இருபத்தெட்டு வருடமாக நடக்கிறது. ஒரு ஸ்டாம்ப் குறைந்ததில்லை.

ஒட்டிக்கொண்ட உறைகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள், நீராவியும் காட்டாதீர்கள். மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் டப்பா எடுத்து, அடியில் ஈர ஸ்பாஞ்சு, அதற்கு மேல் இடியாப்பத் தட்டு மாதிரி ஏதாவது ஓட்டைத் தட்டு, அதன் மேல் உறைகள். தண்ணீர் உறையில் படவே கூடாது. மூடி வைத்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். பசை இளகியதும் தானே வழிவிடும். வராவிட்டால் விடுங்கள், இன்னும் கொஞ்சம் நேரம். மை கசிகிற மாதிரி தெரிந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், ஒட்டியபடியே இருந்தாலும் பரவாயில்லை. பிரிந்ததும் மை உறிஞ்சும் தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம். வெயிலில் காட்டக் கூடாது. இதை மார்கழி முடிந்து காற்று காய்ந்த பிறகு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம்.


மல்லாட்டை வறுவல், டாலஸ்:

நானும் கடலூர்தான், தேவனாம்பட்டினம். பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன். எனக்கு ஸ்டாம்ப் தெரியாது, ஆனால் என் பையன் ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டு மாற்றுகிறான், வாரம் தவறாமல் அவனைக் கொண்டுபோய் விடுவது நான்தான். ஐயா சொன்னதைப் படிக்கும்போது அவன் கூட்டம்தான் கண்முன் வந்தது.

இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இரண்டு தாள் வைத்திருப்பார்கள். ஒன்றில் என்னிடம் இருப்பது, மற்றதில் எனக்கு வேண்டியது. முதலில் தாளைத்தான் மாற்றிக்கொள்வார்கள், கார்டை வெளியே எடுப்பது அதற்குப் பிறகு. என் பையன் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர்களை மட்டும் சேர்க்கிறான். மற்ற அணி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவன் கையில் அது மாற்றுவதற்கான சரக்கு. அதனால் அவனிடம் பேரம் பேச யாரும் சிரமப்படுவதில்லை. அவனுக்கு எது வேண்டும் என்று அவனுக்கே தெளிவாகத் தெரியும்.

எண்ணிக்கை பற்றி உப்பனாறு சொன்னது இங்கேயும் அப்படியே. 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் கார்டு விலை ஏறுகிறது என்று எல்லாரும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள், கம்பெனிகளும் அதற்கேற்ப அச்சடித்துத் தள்ளின. இன்று அவற்றில் பெரும்பாலானதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. இன்னொரு பக்கம், டாப்ஸ் கம்பெனி 1952-இல் போட்ட வரிசையில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-இல் கடலில் கொட்டியதாக அந்தக் கம்பெனியில் இருந்தவரே சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் மிக்கி மேண்டில் என்ற ஆட்டக்காரரின் கார்டு ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. எல்லாரும் பத்திரப்படுத்தியது பெருகிக் கிடக்கிறது, யாரும் சட்டை செய்யாதது அருகிப்போனது. உங்கள் பெரிய பாட்டி போட்ட கடிதத்தை யாராவது சேகரிப்புக்கு என்று நினைத்திருப்பார்களா? தம்பி நன்றாக இருக்கிறானா என்று கேட்கப் போட்டது. அக்கா, அந்த உறைகளைக் கொடுக்காதீர்கள்.


கெடிலக்கரை, கடலூர் முதுநகர்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, தாம்பாளத்துத் தண்ணீர் ஊதாவாக மாறியதைப் படித்துவிட்டு நான் அன்று சமையல்கட்டில் ஊறவைக்க எடுத்து வைத்திருந்த பாத்திரத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். அது உண்மை.

போன ஞாயிறு பாண்டிக்குப் போனேன். டாலஸ் தம்பி சொன்ன மாதிரி இரண்டு தாள் எழுதி எடுத்துப் போனேன். உறைகளை வீட்டிலேயே வைத்துவிட்டேன், கையில் இருந்தால் மனசு இளகிவிடும் என்று. அந்தச் சேகரிப்பாளரிடம், உறை பரிமாற்றத்துக்கு இல்லை, தாமரை உதிரி இருக்கிறது, இந்த நான்குதான் வேண்டும் என்று நேராகச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு ‘தாமரையில ரூபாய் விலை இருக்கா?’ என்று கேட்டார். ஒரு ரூபாய் இரண்டு இருந்தது, ஒன்றைக் காட்டினேன். அதோடு சின்ன விலை பத்து. அவர் பக்கம் நான்கு.

கறுப்புத் துணி விரித்தேன். பாரதியின் பல் நான்கு பக்கமும் முழுசு. தலைப்பாகைக்கு மேல் லேசாக ஒரு முத்திரை வளைவு, முகத்தில் விழவில்லை. வள்ளுவரும் அரவிந்தரும் நன்றாக இருந்தார்கள். வ.உ.சி.யைத் தூக்கி வானத்துக்கு நேரே பிடித்தால், இடது மூலையில் நகக்கண் அளவுக்கு ஓர் இடம் வெளுப்பாகத் தெரிந்தது. கை நடுங்கியது எனக்கு, ஐயா. சொல்வதா விடுவதா என்று. சொல்லிவிட்டேன். அவர் வாங்கிப் பார்த்தார், ‘ஆமாம்மா’ என்றார், புத்தகத்தைப் புரட்டி வேறொரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். முகம் சுளிக்கவில்லை. ஊறவைக்கச் சொன்னதற்கும், ‘நாங்க எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிச்சோம், அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன்’ என்றார். அடுத்த முறை அவருடைய பிரெஞ்சிந்திய உறைகளை எனக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான்கு கட்டமும் நிறைந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா பாரதியை விட்டுவிட்டு, ‘அந்த லெட்டரையெல்லாம் எடு, அத்தை என்ன எழுதியிருக்குன்னு பார்ப்போம்’ என்றார். ராத்திரி பதினொன்று வரை படித்தோம். நாலு படி மல்லாட்டை யாராவது வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்பு, சுங்கத்தில் கேட்டால் வீட்டுக்கு என்று சொல்லச் சொல், என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. இன்னொன்றில் மழை, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

பிரிந்த உறைகளையெல்லாம் தேதி வாரியாக அடுக்கினேன். அப்போது ஒன்று கண்ணில் பட்டது, அதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும். 1954 அக்டோபர் 19 தேதியிட்ட உறையில் அப்சரஸ் படம் போட்ட பிரெஞ்சிந்திய ஸ்டாம்புகள். அதற்கு அடுத்த உறை நவம்பர் 12. அதே பாட்டி, அதே கையெழுத்து, அதே முகவரி, பாண்டியிலிருந்துதான் போட்டிருக்கிறார். ஆனால் ஸ்டாம்ப் இந்திய ஸ்டாம்ப், இரண்டணா, நடராஜர். முத்திரை சரியாக விழவில்லை, தேதியை உள்ளே இருக்கும் கடிதத்திலிருந்துதான் எடுத்தேன். இது ஏதாவது விசேஷமா? எப்படி வைப்பது?


சொல்தா வீட்டுப் பிள்ளை, முத்தியால்பேட்டை:

அம்மா, 1954 அக்டோபர் 18 கீழூரில் ஓட்டெடுப்பு. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். உங்கள் பாட்டியின் அக்டோபர் கடிதம் அதற்கு மறுநாள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, தபாலும் அன்றோடு மாறியது. அந்த நடராஜர் 1949 வரிசை. நவம்பர் கடிதம் மாறிப் பதினோரு நாள் கழித்துப் போட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு ராஜ்ஜியம் போய்விட்டது. உங்கள் பாட்டி அதே பேனாவில் அதே முகவரி எழுதியிருக்கிறார்.

இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். பசை வேண்டாம், மூலைக்கு மூலை காகிதத்தில் மடித்த முக்கோணக் கவ்வியில் செருகினால் போதும், பின்பக்க முத்திரையைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியே எடுக்கலாம். பிளாஸ்டிக் உறைக்குள் திணிக்காதீர்கள், நம் கடற்கரைக் காற்றுக்கு உள்ளே வியர்க்கும். அந்த இரண்டு கடிதங்களையும் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து, தனித் தாளுறையில் போட்டு, அதே பக்கத்தின் பின்னால் வையுங்கள்.

நவம்பர் கடிதத்தில் பாட்டி என்ன எழுதியிருக்கிறார்? ஊர் மாறியதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்துக்கு எதிரே உள்ள பெஞ்சில் இருப்பேன். முடிந்தால் அம்மாவையும் அழைத்து வாருங்கள். அந்த இரண்டு உறையையும் கொண்டு வாருங்கள். என் புத்தகத்தை நான் கொண்டு வரமாட்டேன், பார்க்க மட்டும்தான் வருகிறேன்.